அண்டை நாடுகளின் புள்ளியியல் துறைகள்: ஒத்துழைப்பு எங்கே நிலைக்கிறது, எங்கே நின்றுபோகிறது?

பணவீக்கம், வேலையின்மை, குழந்தை இறப்பு விகிதம், மக்கள்தொகை என்று செய்தியில் வரும் எண்களெல்லாம் ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் யாரோ உட்கார்ந்து போட்ட கணக்கு. அந்த அலுவலகங்கள் தனித்தீவாக இயங்குவதில்லை. பக்கத்து நாட்டு அலுவலகங்களோடு வினாப்பட்டியலையும் மென்பொருளையும் சில சமயம் ஆட்களையும்கூடப் பகிர்ந்துகொள்கின்றன. இந்தப் பகிர்வு சில இடங்களில் முப்பது ஆண்டுகளாக ஓடுகிறது. சில இடங்களில் திட்ட நிதி தீர்ந்ததும் படுத்துவிடுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவையும் பசிபிக் தீவுகளையும் முக்கியமாக வைத்து, கொஞ்சம் நம் பக்கத்தையும் சேர்த்து, இந்த விஷயத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

ஒரு நாட்டின் கணக்கை அந்த நாடே போட்டுக்கொள்ள வேண்டியதுதானே? பக்கத்து நாடு எதற்கு?

முதல் காரணம் ஆள் பற்றாக்குறை. பசிபிக் தீவு நாடான துவாலுவின் மக்கள்தொகை சுமார் 11 ஆயிரம். நம்மூர்ப் பேரூராட்சி ஒன்றில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். ஆனால் தனி நாடு என்று ஆகிவிட்டால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, விலைக் குறியீடு, ஜிடிபி, ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கு என்று இந்தியாவிடம் கேட்கப்படும் அத்தனையும் துவாலுவிடமும் கேட்கப்படும். அங்குள்ள புள்ளியியல் அலுவலகத்தில் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பு பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. அதற்கென்று, எந்த வீடுகளில் கேட்பது என்று தேர்ந்தெடுத்துத் தரும் மாதிரி வடிவமைப்பு நிபுணர் ஒருவரை நிரந்தரச் சம்பளத்தில் வைத்துக்கொள்ள எந்த நிதியமைச்சரும் சம்மதிக்க மாட்டார். இருபது தீவுகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொண்டால் அவருக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கும்.

இரண்டாவது காரணம், எல்லை தாண்டும் விஷயங்களை ஒருவரே எண்ண முடியாது. கென்யா உகாண்டாவுக்கு அனுப்பியதாகச் சொல்லும் சரக்கின் மதிப்பும், உகாண்டா கென்யாவிடம் வாங்கியதாகச் சொல்லும் மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். நடைமுறையில் இருப்பதே இல்லை. ஒரு பக்கம் கப்பல், லாரி வாடகையைச் சேர்த்து எழுதுவார்கள், மறுபக்கம் சேர்க்காமல் எழுதுவார்கள். போதாக்குறைக்கு, சுங்கச்சாவடியில் எந்தத் தாளிலும் ஏறாமல் தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் போகும் மக்காச்சோளமும் பீன்ஸும் இருக்கின்றன. உகாண்டாவின் புள்ளியியல் துறை அந்நாட்டு மத்திய வங்கியோடு சேர்ந்து எல்லைச் சாவடிகளில் ஆள் நிறுத்தி இந்தச் சில்லறை வணிகத்தையே தனியாகக் கணக்கெடுக்கிறது. அதன் மறுபாதி எல்லைக்கு அப்பால் இருப்பதால் அப்பக்கத்து அலுவலகத்தோடு பேசாமல் அந்த வேலை முழுமை பெறாது.

மூன்றாவது, பணம் ஒன்றாக இருந்தால் கணக்கும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். மேற்கு ஆப்பிரிக்க உதாரணம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம்.

‘திறன் வளர்ப்பு’ என்று எல்லா அறிக்கையிலும் வருகிறதே, அன்றாட வேலையில் அது என்ன?

ஒரு கணக்கெடுப்பு எங்கெல்லாம் சறுக்கும் என்று பார்த்தால் புரியும். முதலில் வீடுகளின் பட்டியலும் வரைபடமும் வேண்டும். பட்டியல் பத்து ஆண்டுப் பழசாக இருந்தால் புதிதாக முளைத்த குடிசைப் பகுதி அப்படியே விடுபட்டுப்போகும். அடுத்து மாதிரி எடுப்பது, வினாப்பட்டியல் தயாரிப்பது, அதை உள்ளூர் மொழிகளில் கேட்கும்படி செய்வது. பிறகு டேப்லெட்டில் ஏற்றுவது. இதற்கு உலக வங்கியின் சர்வே சொல்யூஷன்ஸும் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் சிஎஸ்ப்ரோவும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் நிரல் எழுதத் தெரிந்தவர் அலுவலகத்துக்குள் இருக்க வேண்டும். அப்புறம் களத்தில் மேற்பார்வை, தரவைச் சுத்தம் செய்வது, எடை போடுவது (மாதிரியில் வந்த ஒரு வீடு எத்தனை வீடுகளுக்குப் பதிலாக நிற்கிறது என்று கணக்கிடுவது), அறிக்கை எழுதுவது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி பலவீனமாக இருந்தாலும் முடிவு கெட்டுவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் சங்கிலியின் கவர்ச்சியான முனையில்தான் நடக்கின்றன. செயற்கைக்கோள் படம், பெருந்தரவு, செயற்கை நுண்ணறிவு என்ற தலைப்புகளுக்கு எளிதாக நிதி கிடைக்கும். வீட்டுப் பட்டியலைப் புதுப்பிப்பது எப்படி என்ற பயிலரங்குக்கு யாரும் காசு தர மாட்டார்கள்.

நல்ல பயிற்சி கொடுத்தால் போதாதா? ஏன் அது நிற்பதில்லை?

இந்தத் துறையில் எல்லோரும் புலம்பும் விஷயம் இது. காரணங்களும் எல்லோருக்கும் தெரிந்தவை.

நன்றாகப் பயிற்சி பெற்றவர் போய்விடுகிறார். தேசியக் கணக்கு (ஜிடிபி போன்றவை) போடத் தெரிந்த ஒருவருக்கு நாட்டின் மத்திய வங்கி கூடுதல் சம்பளம் தரும், ஐ.நா. அமைப்பு அதைவிடப் பல மடங்கு தரும். அவர் மீது குற்றம் சொல்ல முடியாது. அரசுப் பணி விதிகளின்படி புள்ளியியல் அலுவலகத்தில் தனியாகச் சம்பளத்தை உயர்த்தவும் முடியாது.

போகாதவருக்கு வேறு சிக்கல். ஊருக்குத் திரும்பும்போது அவருடைய மேசையில் வேறு வேலை காத்திருக்கும். கற்றுக்கொண்டதைப் பயன்படுத்தும் கணக்கெடுப்பு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் வரும், அதற்குள் மறந்துவிடும். சில நாடுகளில் பயிலரங்குப் படிக்காசு மாதச் சம்பளத்துக்கு ஈடாக இருக்கும். அப்போது யார் போவது என்பது வேலைத் தேவையைப் பொறுத்து முடிவாவதில்லை, அலுவலகத்தில் யாருக்கு முறை வருகிறது என்பதைப் பொறுத்து முடிவாகிறது. விலைக் குறியீட்டு வகுப்புக்கு மக்கள்தொகைப் பிரிவு அதிகாரி வந்து உட்கார்ந்திருப்பார்.

என்னைக் கேட்டால், ‘இத்தனை பேருக்குப் பயிற்சி அளித்தோம்’ என்ற வரியை ஒத்துழைப்புத் திட்டங்களின் அறிக்கையிலிருந்தே தூக்கிவிடலாம். அந்த எண் எதையும் அளப்பதில்லை. ஒருவர் போனாலும் அலுவலகத்தில் தங்குவது எது என்பதுதான் உருப்படியான கேள்வி. பொதுவான வினாப்பட்டியல், எழுதிவைக்கப்பட்ட வழிமுறை, பக்கத்து நாட்டில் அதே வேலையைச் செய்பவரின் தொலைபேசி எண், மாதாமாதம் தவறாமல் தர வேண்டிய ஒரு கணக்கு ஆகியவை தங்கும்.

அப்படி நிலைத்து நின்ற உதாரணம் உண்டா?

உண்டு. பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்காவில் அஃப்ரிஸ்டாட் என்று ஒரு பொது அமைப்பு இருக்கிறது. சி.எஃப்.ஏ. ஃபிராங்க் போன்ற, பிரான்சோடு பிணைந்த நாணயங்களைப் பயன்படுத்தும் ஃபிராங்க் வலயத்தைச் சேர்ந்த 14 நாடுகள் 1993 செப்டம்பரில் ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரில் ஒப்பந்தம் போட்டு உருவாக்கியது. 1996 ஜனவரியில் மாலியின் தலைநகர் பமாகோவில் வேலை தொடங்கியது. இன்று உறுப்பு நாடுகள் இருபதுக்கு மேல். கேப் வெர்டி, கினி-பிஸ்ஸாவ் போன்ற போர்த்துகீசிய மொழி நாடுகளும் சேர்ந்துள்ளன.

அதன் தொடக்கக் காலத்தைக் கவனிக்க வேண்டும். 1994 ஜனவரியில் சி.எஃப்.ஏ. ஃபிராங்கின் மதிப்பு ஒரே இரவில் பாதியாகக் குறைக்கப்பட்டது. விலைவாசி எகிறியது, ஆனால் எந்த நாட்டில் எவ்வளவு எகிறியது என்று ஒப்பிட ஒரே மாதிரியான குறியீடு இல்லை. விலை பார்க்க ஒரு நாடு வைத்திருந்த பொருட்கூடையில் இருந்த பொருள் இன்னொன்றில் இல்லை, ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட அடிப்படை ஆண்டும் வேறு. அதே ஆண்டில் பெனின், புர்கினா ஃபாசோ, ஐவரி கோஸ்ட், மாலி, நைஜர், செனகல், டோகோ ஆகியவை சேர்ந்து பொருளாதார, நாணய ஒன்றியத்தை அமைத்தன. கினி-பிஸ்ஸாவ் பிறகு வந்து சேர்ந்தது. ஒன்றியத்தின் நிபந்தனைகளில் ஒன்று, பணவீக்கம் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. நாட்டுக்கு ஒரு மாதிரி அளந்தால் இந்த நிபந்தனைக்கே அர்த்தமில்லை.

1998 முதல் ஒருங்கிணைந்த நுகர்வோர் விலைக் குறியீடு வெளிவரத் தொடங்கியது. ஒரே வகைப்பாடு, ஒரே கணக்கு முறை, மாதாமாதம் முக்கிய நகரங்களின் சந்தைகளிலிருந்து விலை. இங்கே ஒத்துழைப்பு வெறும் கூட்டமாக இல்லை. ஒவ்வொரு மாதமும் கெடு வந்துவிடும், ஒரு நாடு தராவிட்டால் ஒன்றியத்தின் எண்ணே நின்றுபோகும், மத்திய வங்கி கூப்பிட்டுக் கேட்கும். நிலைத்ததற்கு இதுதான் முதல் காரணம் என்பேன்.

இரண்டாவது காரணம் பணம். அஃப்ரிஸ்டாட்டுக்கென்று ஒரு பொது நிதி ஏற்படுத்தினார்கள். உறுப்பு நாடுகளும் பிரான்சும் அதில் பணம் போட்டன. பல ஆண்டுச் செலவுக்கு என்று போட்ட பணம் அது, ஆண்டுக்கு ஆண்டு கையேந்தும் ஏற்பாடு அல்ல. பிரான்சின் பங்கும் நிபுணர்களும் இல்லாமல் இது தொடங்கியிருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் சொந்தக் காசு கொஞ்சமாவது உள்ளே இருக்கும் இடத்தில் உறுப்பு நாட்டு அதிகாரி எழுந்து நின்று கேள்வி கேட்கிறார். அடுத்தவர் காசில் நடக்கும் கூட்டத்தில் தலையாட்டிவிட்டுப் போகிறார்.

விலைக் குறியீட்டுக்குப் பிறகு மற்றவை வந்தன. முறைசாராத் தொழில்களை அளக்க ‘1-2-3’ என்று ஒரு கணக்கெடுப்பு முறை 1993-ல் கேமரூன் தலைநகர் யாவுண்டேயில் செய்துபார்க்கப்பட்டது. முதல் கட்டத்தில் யாருக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். இரண்டாம் கட்டத்தில் பதிவில்லாத சிறுதொழில் வைத்திருப்பவர்களிடம் வரவுசெலவைக் கேட்பார்கள். மூன்றாவதில் வீட்டுச் செலவு. 2001-க்குப் பிறகு ஒன்றியத்தின் ஏழு பெருநகரங்களில் இதே முறை, ஏறத்தாழ இதே வினாக்களோடு நடந்தது. 2018-19-ல் ஒன்றியத்தின் எட்டு நாடுகளிலும் குடும்ப வாழ்க்கைநிலை குறித்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு உலக வங்கி உதவியோடு நடந்தது.

அங்கே ராணுவப் புரட்சிகள் நடந்தனவே, ஒத்துழைப்பு உடையவில்லையா?

மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரியில் ஈக்கோவாஸ் என்ற பெரிய மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பிலிருந்து வெளியேறின. ஆனால் பொது நாணயம் உள்ள ஒன்றியத்தை விட்டுப் போகவில்லை. நாணயம் இருக்கும்வரை விலைக் குறியீடும் வேண்டும். கொடிக்கும் தீர்மானத்துக்கும் கிடைக்காத ஆயுள் இந்த மாதிரி சலிப்பூட்டும் தொழில்நுட்ப ஏற்பாடுகளுக்குக் கிடைப்பதுண்டு.

புள்ளியியலாளர்களை எங்கே உருவாக்குகிறார்கள்?

அபிஜான், யாவுண்டே, டக்கார் ஆகிய மூன்று ஊர்களிலும் புள்ளியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பல நாட்டு மாணவர்கள் படிக்கிறார்கள். இவற்றுக்குப் பொது நுழைவுத் தேர்வு உண்டு. ஒரே கேள்வித்தாளைப் பல நாடுகளில் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள். போட்டி கடுமை. ஆங்கிலம் பேசும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு தான்சானியாவின் தார் எஸ் சலாமில் 1965 முதல் இதேபோல ஒரு பயிற்சி மையம் உள்ளது.

மேலே சொன்ன ‘பக்கத்து நாட்டுக்காரரின் தொலைபேசி எண்’ உண்மையில் இங்கேதான் உருவாகிறது. ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள் இருபது ஆண்டு கழித்து ஐந்து நாடுகளில் புள்ளியியல் அலுவலகத் தலைவர்களாக இருப்பார்கள். ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் கடிதம் எழுதி அனுமதி வாங்கிக் காத்திருக்காமல் நேராகக் கேட்டுவிடுவார். இந்த உறவை எந்தத் திட்ட ஆவணமும் செலவுத் தலைப்பாகக் காட்டுவதில்லை, ஆனால் ஐந்து நாள் பயிலரங்குகள் பலவற்றைவிட இது அதிகம் செய்கிறது.

பசிபிக் தீவுகளில் எப்படி?

அங்கே வேறு வழி. நியூ கலிடோனியாவின் நூமியாவைத் தலைமையிடமாகக் கொண்ட பசிபிக் சமூகம் என்ற அமைப்பு 1947-ல் தொடங்கியது. 22 தீவு நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் அதன் சேவைக்குள் வருகின்றன. அதன் புள்ளியியல் பிரிவு வெறும் பயிற்சி மையமாக நின்றுவிடவில்லை. மாதிரி வடிவமைப்பு, தரவுச் செயலாக்கம், பகுப்பாய்வு எனத் தீவு அலுவலகத்தால் முடியாத பகுதியை எடுத்துச் செய்தே கொடுக்கிறது. ஜிடிபி போன்ற கணக்குகளுக்கு, ஐ.எம்.எஃப். 1993-ல் ஃபிஜியின் சுவா நகரில் தொடங்கிய உதவி மையம் இருக்கிறது. 2011 முதல் 2020 வரைக்கும் பத்தாண்டுப் புள்ளியியல் திட்டம் ஒன்றையும் போட்டார்கள்.

‘மீனைக் கொடுக்காதே, மீன்பிடிக்கக் கற்றுக்கொடு’ என்ற கொள்கைக்காரர்களுக்கு இது பிடிக்காது. செய்துகொடுத்தால் நாடுகள் எப்போது சொந்தக் காலில் நிற்கும் என்பார்கள். ஐந்தே பேர் உள்ள அலுவலகத்துக்கு அந்த வாதம் பொருந்தாது. அங்கே எல்லாக் கலையையும் கற்றுக்கொடுப்பது என்றால், ஒருவர் வேறு ஊருக்குக் குடிபெயரும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவது என்று அர்த்தம். தீவிலிருப்பவருக்குத் தெரிய வேண்டியது எது, பொது மையத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது எது என்று பிரித்துக்கொள்வதே சரி. கள வேலை, உள்ளூர் மொழி, எந்தத் தீவுக்கு எந்த வாரம் படகு போகும் என்ற விவரம், முடிவுகளை அமைச்சரிடம் விளக்குவது ஆகியவை தீவுக்காரரின் வேலை. எடை போடும் சூத்திரம் நூமியாவில் இருந்தால் குடிமுழுகிப் போகாது.

பிறப்பு இறப்புப் பதிவில் இன்னொரு சிக்கல் இருந்தது. உதவி செய்ய வந்த அமைப்புகளே ஏராளம், ஒவ்வொன்றும் தனித்தனிப் படிவத்தோடு வந்தது. ஒரு சின்னத் தீவின் பதிவாளர் பாதி நேரத்தை விருந்தினர்களைக் கவனிப்பதில் கழிக்க வேண்டியிருந்தது. 2010-ல் பிரிஸ்பேன் உடன்படிக்கைக் குழு என்ற பெயரில் உதவி அமைப்புகள் தங்களுக்குள் ஒருங்கிணைந்து, நாடுகளுக்கு ஒரே குழுவாகப் போவது என்று முடிவெடுத்தன. உதவி பெறுபவர்களுக்கு ஆயிரம் பயிற்சி நடக்கிறது. உதவி செய்பவர்கள் ஒழுங்காக நடந்துகொள்ளப் பழகிய இந்த மாதிரி நிகழ்வுகள் அரிது.

பெரிய நாடாக இருந்தால் இந்தச் சிக்கல் வராதா?

பப்புவா நியூ கினியைப் பாருங்கள். 2011-க்குப் பிறகு அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2020-ல் நடந்திருக்க வேண்டும். தள்ளிப்போய் 2024-ல்தான் களத்துக்கு வந்தது. இடையில் 2022-ல் ஓர் அதிர்ச்சி. அரசு தரப்பு மதிப்பீடு 94 லட்சத்தை ஒட்டி இருந்தபோது, ஐ.நா. தரப்பில் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த மதிப்பீடு ஒன்று சுமார் 1.7 கோடி வரை காட்டுவதாகச் செய்தி வெளியானது. பின்னர் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் 2021-க்கான மதிப்பீடாகச் சுமார் 1.18 கோடி என்று வெளியிட்டது. எது சரி என்பது இருக்கட்டும். தலைக்கு இவ்வளவு வருமானம், இத்தனை பேருக்கு ஒரு மருத்துவர் என்று போடும் ஒவ்வொரு கணக்கிலும் கீழே வரும் எண் இப்படி ஆடினால் மேலே எதைப் போட்டும் பயனில்லை.

கணக்கு முறை மாறினால் ஏழை நாடு ஒரே நாளில் பணக்கார நாடாகிவிடுமா?

காகிதத்தில் ஆகும். கானா 2010 நவம்பரில் ஜிடிபியின் அடிப்படை ஆண்டை 1993-லிருந்து 2006-க்கு மாற்றியபோது பொருளாதாரத்தின் அளவு ஏறத்தாழ 60 சதவீதம் கூடியது. நாடு நடுத்தர வருமானப் பட்டியலின் கீழ்ப்படிக்கு ஏறிவிட்டது. நைஜீரியா 1990-ஐ விட்டு 2010-க்கு வந்தது. 2014 ஏப்ரலில் முடிவை அறிவித்தபோது 2013-க்கான ஜிடிபி 89 சதவீதம் கூடியிருந்தது, தென்னாப்பிரிக்காவை முந்திவிட்டது. கைபேசி, வங்கி, திரைப்படம் என்று இருபது ஆண்டில் வளர்ந்த தொழில்கள் பழைய கணக்கில் சரியாக ஏறவே இல்லை.

பிராந்திய ஒத்துழைப்புக்கு இதில் என்ன வேலை என்றால், ஒரு நாடு தனியாக எண்ணை இப்படித் தூக்கினால் சந்தேகப்படுவார்கள். அண்டை நாடுகள் ஒரே நெறியின்படி, ஏறத்தாழ ஒரே காலத்தில் மாற்றினால் நம்புவார்கள். தேசியக் கணக்குகளுக்கான ஐ.நா. நெறிமுறையின் புதிய பதிப்புக்கு 2025 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. இதற்கு முந்தையது 2008 பதிப்பு. சில நாடுகள் அதற்கே இன்னும் முழுதாக மாறவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் பிராந்திய மையங்களுக்குக் கைநிறைய வேலை இருக்கிறது.

பணம் தருபவர் திடீரென்று நிறுத்திவிட்டால்?

அது கற்பனைக் கேள்வி அல்ல, 2025-ல் நடந்தது. அமெரிக்க அரசின் யுஎஸ்எய்ட் நிதியில் 1984 முதல் நடந்துவந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டம் 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் 400-க்கும் அதிகமான கணக்கெடுப்புகளுக்குத் துணைநின்றது. குழந்தை இறப்பு, தாய்மார் நலம், தடுப்பூசி, குழந்தைகளின் உயரம் எடை என்று பல ஆப்பிரிக்க நாடுகளுக்கு இருந்த ஒரே நம்பகமான தரவு அதுதான். 2025 தொடக்கத்தில் நிதி நின்றது. களத்தில் பாதியில் இருந்த வேலைகள் அப்படியே நின்றன. பிறகு கேட்ஸ் அறக்கட்டளை இடைக்கால நிதி கொடுத்துக் கொஞ்சம் தூக்கி நிறுத்தியது.

இதில் எல்லா நாடுகளும் ஒரே மாதிரி அடிபடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. இந்தியாவில் இந்தத் திட்டத்தோடு இணைந்து 1992-93-ல் தொடங்கியது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. ஆனால் தொடக்கம் முதலே அதை நடத்திவந்தது மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம். வினாப்பட்டியலும் அனுபவமும் ஆட்களும் உள்ளூரில் தங்கின. இலங்கையின் கதை இன்னும் தெளிவு. 1987-ல் அங்கே நடந்த முதல் கணக்கெடுப்பு வெளி உதவியோடு நடந்தது. போர்ச் சூழலால் வடக்கும் கிழக்கின் பெரும்பகுதியும் அதில் விடுபட்டன. 2006-07-ல் தொகைமதிப்பு, புள்ளிவிவரத் திணைக்களமே நடத்தியது, அப்போதும் வட மாகாணம் இல்லை. 2016-ல் அதே திணைக்களம் 25 மாவட்டங்களிலும் நடத்தியது. யாழ்ப்பாணத்துக்கும் முல்லைத்தீவுக்கும் காலிக்கும் ஒரே ஆண்டில், ஒரே வினாப்பட்டியலில் எண்கள் கிடைத்தன. முதல் முறை கைபிடித்து நடத்தியவர் பிறகு விலகிக்கொண்டும் வேலை நிற்காத இடம் எப்படி இருக்கும் என்றால் இப்படி இருக்கும்.

பொதுவாகவே இந்தத் துறைக்கு வரும் பணம் குறைவு. உலகளாவிய வளர்ச்சி உதவியில் புள்ளியியலுக்குப் போவது அரை சதவீதம்கூட இல்லை.

ஆசியாவில் இந்த மாதிரி அமைப்பு என்ன இருக்கிறது? இந்தியாவின் பங்கு என்ன?

ஐ.நா.வின் ஆசிய பசிபிக் புள்ளியியல் நிறுவனம் 1970-ல் டோக்கியோவில் தொடங்கியது, 1999-ல் சீபாவுக்கு மாறியது. இடமும் பெரும்பகுதிச் செலவும் ஜப்பான் அரசுடையவை. நம் பிராந்தியத்து அரசுப் புள்ளியியலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே போய்ப் படித்து வந்திருக்கிறார்கள்.

அதற்கும் இருபது ஆண்டு முன்பே கல்கத்தாவில் ஒன்று இருந்தது. மகலனோபிஸ் 1931-ல் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் 1950-ல் சர்வதேசப் புள்ளியியல் கல்வி மையம் தொடங்கப்பட்டது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் அரசு அலுவலர்களுக்குப் பத்து மாதப் பயிற்சி. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகள் தங்கள் முதல் கணக்கெடுப்பாளர்களை அங்கே அனுப்பின. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பும் அதே 1950-ல் தொடங்கியது. வறுமையான, பல மொழி பேசும், பதிவேடுகள் குறைந்த நாட்டில் வீடு வீடாகப் போய் மாதிரி எடுத்து நம்பகமான எண்ணைக் கொண்டுவர முடியும் என்று காட்டியது பல நாடுகளுக்குப் பாடப்புத்தகத்தைவிடப் பயன்பட்டது. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நாம் அதிகம் செய்யவில்லை என்பது என் கருத்து.

தெற்காசியாவுக்குள் நிலவரம் சுமார். சார்க் அமைப்பின் கீழ்ப் புள்ளியியல் துறைத் தலைவர்கள் சந்திக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் சார்க் உச்சிமாநாடே 2014 காட்மாண்டுவுக்குப் பிறகு நடக்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் இருப்பதுபோல மாதாமாதம் சேர்ந்து தந்தே தீர வேண்டிய பொதுக்கணக்கு எதுவும் இங்கே இல்லாததால், அரசியல் உறைந்ததும் அதுவும் உறைந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பட்டியல்படி விலை சேகரிப்பது உலக வங்கியின் சர்வதேச ஒப்பீட்டுத் திட்டத்தில்தான். நம் பகுதிக்கு அதை ஆசிய வளர்ச்சி வங்கி ஒருங்கிணைக்கிறது. 2021 சுற்றின் முடிவுகள் 176 பொருளாதாரங்களுக்கு 2024 மே மாதம் வெளியாயின.

அரசே எண்ணைத் திருத்தச் சொன்னால் பிராந்திய அமைப்பு காப்பாற்றுமா?

ஓரளவு. கிரீஸ் கதையைப் பார்த்தால் அந்த ‘ஓரளவு’ எவ்வளவு என்று தெரியும். 2009 நிதிப் பற்றாக்குறை முதலில் ஜிடிபியில் 4 சதவீதத்துக்கும் கீழ் என்றார்கள், பிறகு 12 சதவீதத்துக்கு மேல் என்றார்கள். கடைசியில் 2010 நவம்பரில் புதிய தலைவர் ஆண்ட்ரியாஸ் கியோர்கியூவின் கீழ் 15.4 சதவீதம் என்று வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் அந்தக் கணக்கைச் சரிபார்த்து ஏற்றது. ஆனால் உள்நாட்டில் அவர் மீது வழக்குமேல் வழக்கு. பற்றாக்குறையை ஊதிக் காட்டி நாட்டைக் காட்டிக்கொடுத்தார் என்ற ரீதியில் குற்றச்சாட்டு. எண்ணை வெளியிடும் முன் நிர்வாகக் குழுவில் வாக்கெடுப்பு நடத்தவில்லை என்பதற்காகத் தண்டனையும் கிடைத்தது. 2023-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று தீர்ப்பளித்தது.

எண்ணைப் பிராந்திய அமைப்பு காப்பாற்றியது, எண்ணைப் போட்டவரைக் காப்பாற்ற முடியவில்லை. யூரோஸ்டாட் அளவுக்குச் சட்ட பலமுள்ள அமைப்பு வேறெந்தக் கண்டத்திலும் இல்லை. அதற்கே இந்த நிலை.

தரவைப் பகிர்ந்தால் தனிமனித ரகசியம் என்ன ஆகும்?

1994-ல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்று, 2014 ஜனவரியில் பொதுச்சபையும் ஏற்ற பத்து அடிப்படைக் கோட்பாடுகளில் ஆறாவது ரகசியம் பற்றியது. (பத்தாவது கோட்பாடு நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பு பற்றியது.) பெயர், முகவரி நீக்கித்தான் பகிர்வார்கள். பெரிய நாட்டுக்கு அது போதும். ஆயிரத்து ஐந்நூறு பேர் வாழும் தீவில் ‘பெண், 45 வயது, செவிலியர்’ என்றாலே ஊருக்கே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதனால் சிறு தீவுகளின் தரவில் வயதைத் தொகுத்து, தொழிலைப் பொதுவாக்கி, சில விவரங்களையே எடுத்துவிடுகிறார்கள். ஆய்வாளர்கள் முனகுவார்கள், வேறு வழியில்லை.

ஒரு ஒத்துழைப்புத் திட்டம் உருப்படுமா என்று வெளியிலிருந்து கணிக்க முடியுமா?

சிலவற்றைக் கேட்டுப்பார்க்கலாம். கணக்கெடுப்பின் இரண்டாவது சுற்று நடந்ததா, அதில் வெளி ஆட்கள் குறைந்தார்களா? கச்சாத் தரவும் நிரலும் யார் கணினியில் இருக்கின்றன? திட்டம் முடிந்து கன்சல்டன்ட் மடிக்கணினியோடு விமானம் ஏறிவிட்டால் அடுத்த முறை மறுபடி அவரையே கூப்பிட வேண்டியிருக்கும். உறுப்பு நாடுகளின் பட்ஜெட்டில் இதற்கு ஒரு வரி இருக்கிறதா? கூட்டத்துக்கு வருவது துறைத் தலைவர் மட்டும்தானா, விலை சேகரிக்கும் பிரிவின் மேற்பார்வையாளரும் வருகிறாரா?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம், ஆனால் நிறையச் சொல்லும். தலைவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். சந்தைக்கு ஆள் அனுப்பி, வந்த விலையைச் சந்தேகப்பட்டுத் திரும்ப அனுப்பும் மேற்பார்வையாளர் பதினைந்து ஆண்டு அதே நாற்காலியில் இருப்பார். அண்டை நாட்டில் அதே வேலை செய்பவரை அவருக்குத் தெரியாது என்றால் மேலே எத்தனை ஒப்பந்தம் கையெழுத்தானாலும் எண்ணின் தரம் மாறாது.

இந்தத் தரவுகளைச் சாதாரண வாசகர் பார்க்க முடியுமா?

முடியும், பெரும்பாலும் இலவசம். பசிபிக் தீவுகளுக்கு பசிபிக் டேட்டா ஹப் என்ற இணையதளம் உள்ளது. பல நாடுகளின் கணக்கெடுப்புத் தரவும் வினாப்பட்டியலும் உலக வங்கியின் நுண்தரவு (பெயர் நீக்கிய தனித்தனி வீட்டுப் பதில்கள்) நூலகத்தில் கிடைக்கின்றன. இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்புத் தரவை மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவுசெய்து இறக்கிக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் முதலில் வினாப்பட்டியலைப் படியுங்கள், பிறகு எந்தப் பகுதிகள் விடுபட்டன என்ற குறிப்பைப் பாருங்கள். இலங்கையின் 1987 எண்ணையும் 2016 எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடும் கட்டுரைகள் வரத்தான் செய்கின்றன.